கிளீனருக்குத் தனியாகச் சாப்பாடு கிடையாது

சென்ற வாரம் நம் மீன்தொட்டிப் பராமரிப்பாளர்கள் குழுவில் ஒரு படம் வந்தது. தண்ணீர் நிரப்பிய பாலிதீன் பைக்குள் பச்சை நிறத்தில் ஐந்து கைகளோடு ஒரு பிராணி. கீழே இப்படி எழுதியிருந்தது: ‘சூப்பர் கிளீனர். ஃபிஷ் சேஃப். தானா சாப்ட்டுக்கும். தனியா ஃபுட் வேணாம்.’ இருபத்தேழு பேர் அதற்குக் கட்டைவிரலைத் தூக்கியிருந்தீர்கள். எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். ‘இது மீனைத் தின்னும்’ என்று ஒருவர்கூட எழுதவில்லை. ஒருவர் மட்டும் டெலிவரி உண்டா என்று கேட்டிருந்தார்.

எனக்கு வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. குழுவிலேயே நாலு வரி எழுதினால் அதற்கும் கட்டைவிரலைத் தூக்கிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவீர்கள். அதனால்தான் உட்கார்ந்து முழுதாக எழுதுகிறேன். முழுதாகப் படியுங்கள். இந்தப் பச்சைக் கடல் நட்சத்திரத்தை ஒருமுறை நானே தேர்ந்தெடுத்து, நானே வாங்கி, நானே தொட்டியில் விட்டேன். அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை. வேறொருவர் கொடுத்தார்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: கோவளத்திலிருந்து மாமல்லபுரம் தாண்டிக் கல்பாக்கம் போகும் வழி வரை பல ரிசார்ட்டுகளிலும், செங்கல்பட்டில் ஒரு பல் மருத்துவமனையிலும், மதுராந்தகத்தில் ஒரு ஜவுளிக்கடையிலும் உப்புநீர்த் தொட்டிகளைப் பத்தொன்பது வருடம் பார்த்துக்கொண்டேன். குனிந்து குனிந்து முதுகு போய்விட்டது. ஐம்பத்திரண்டு வயதில் வேலையை விட்டுவிட்டு ஊரப்பாக்கத்தில் வீட்டோடு இருக்கிறேன். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு நோட்டு வைத்திருந்தேன். உப்பின் அளவு, வெப்பம், மாற்றிய தண்ணீர், மீன்களின் எண்ணிக்கை, நான் போன நேரம், திரும்பிய நேரம் எல்லாம் அதில் இருக்கும். அந்த நோட்டுகளுக்காக உங்களில் சிலர் என்னைப் பாராட்டியிருக்கிறீர்கள். இதைப் படித்து முடித்த பிறகு பாராட்ட மாட்டீர்கள்.

மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் தெற்கே கடலைப் பார்த்தபடி ஒரு ரிசார்ட். பெயர் வேண்டாம். அதன் வரவேற்பறையில் எட்டடி நீளத் தொட்டி. பவளம் கிடையாது. பாறை, மணல், பதினேழு மீன்கள். க்ளௌன், நீல டாம்சல், இரண்டு கோபி என்று எல்லாமே சிறிய இனங்கள். நான் செவ்வாய்க்கிழமை தோறும் போவேன். மற்ற ஆறு நாளும் தொட்டியைப் பார்த்துக்கொண்டவர் எஸ்தர்.

எஸ்தர் ஹவுஸ்கீப்பிங்கில் தினக்கூலியாகச் சேர்ந்தவர். திருக்கழுக்குன்றம் பக்கத்தில் ஊர். வயது நாற்பதுக்கு மேல். தொட்டியைத் துடைக்கச் சொல்லி அனுப்பினார்கள். துடைக்க வந்தவர் மூன்று மாதத்தில் உப்பு அளக்கக் கற்றுக்கொண்டார். தினமும் காலை எட்டு மணிக்கு மீன்களை எண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பதிவேட்டில் எழுதுவார். எனக்கு அவை பதினேழு மீன்கள். அவருக்கு ஒவ்வொன்றும் தனித்தனி ஆள். வால் கிழிந்தது, சோம்பேறி, சண்டைக்காரி என்று எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருந்தார்.

இது நடந்த மாதம் ரிசார்ட்டில் தினக்கூலிகள் சிலரை நிரந்தரமாக்க முடிவு செய்திருந்தார்கள். பட்டியலில் எஸ்தரின் பெயர் இருந்தது. கடைசி வெள்ளிக்கிழமை அது தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

“பேரு எழுதிட்டாங்களாம் சார். ஆறு வருசமா ‘டெய்லி, டெய்லி’ன்னுதான் கூப்ட்டுகினு இருந்தானுங்க. இனிமே பேர் சொல்லிக் கூப்புடுவானுங்க” என்றார். அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு எவ்வளவு பெரியது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாது என்று பின்னால் நான் எங்கேயும் சொல்ல முடியாது.

இனி நட்சத்திரம்.

பாறைகளுக்கு அடியில் அழுக்குச் சேர்கிறது, துப்புரவுக்கு ஏதாவது விடலாம் என்று சென்னையில் நான் வழக்கமாக வாங்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பச்சை நட்சத்திரத்தை எடுத்துக் காட்டினார். உள்ளங்கையை விடப் பெரியது. கைகளின் இரண்டு பக்கமும் சீப்புப் பல்லைப் போல மஞ்சளான முட்கள்.

“மீனுக்கு ஒண்ணும் பண்ணாதே?” என்று கேட்டேன்.

“கிளீனர் சார் இது. லாரில கிளீனர் டிரைவர கடிப்பானா?” என்றார்.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு என் விசாரணை முடிந்தது. நோட்டில் ‘கிளீனர் ஸ்டார் – 1’ என்று எழுதினேன். எண்ணிக்கையைச் சரியாக எழுதினேன். என்ன இனம் என்று எழுதவில்லை. எந்தத் தொட்டியின் உப்பையும் இரண்டாவது தசமம் வரை எழுதுகிறவன் நான்.

கிளீனர் என்ற இந்தச் சொல்லைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஐந்து கை இருந்தால் கிளீனர் என்று யார் உங்களுக்குச் சொன்னது? உடம்பில் கறுப்புக் கூம்புகள் வைத்த சாக்லேட் சிப் நட்சத்திரம் இருக்கிறதே, அது பவளத்தையும் கடற்பஞ்சையும் அகப்பட்ட நத்தையையும் தின்னும். அதைப் பவளத் தொட்டியில் விட்டுவிட்டு, பவளம் ஏன் வெளுக்கிறது என்று குழுவில் கேட்கிறீர்கள். மணலைச் சலிக்கும் நட்சத்திரம் மணலிலுள்ள சிறு உயிர்களை எல்லாம் சில மாதங்களில் தின்று தீர்த்துவிடும். பிறகு தின்ன ஒன்றும் இல்லாமல் கை கையாக உதிர்ந்து சாகும். நீங்கள் ‘வயசாயிடுச்சு’ என்று எழுதுகிறீர்கள். வயதாகவில்லை. பட்டினி. நீல லிங்கியா நட்சத்திரம் அழகுதான். பையிலிருந்து தொட்டிக்கு மாற்றும்போது தண்ணீரில் சிறு வித்தியாசம் இருந்தாலும் அதற்கு ஆகாது. கைநுனி கரையத் தொடங்கும். ஒரு மணி நேரத்துக்கு மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரைக் கலக்கப் பொறுமை இல்லாதவர்கள் அதைத் தொடவே கூடாது. பொறுமை இருந்தாலும் பெரும்பாலும் பிழைப்பதில்லை.

மீன் தொட்டிக்கு ஏற்றது எது என்று கேட்பீர்கள். முள் இல்லாத, பாம்பைப் போல வழுவழுவென்று கைகள் உள்ள நட்சத்திரம். சாம்பல் நிறத்திலோ வரி போட்டோ இருக்கும். இல்லையென்றால் நகத்தின் அளவே இருக்கும் குட்டி நட்சத்திரங்கள். கடையில் அதைக் கவிழ்த்துப் போடச் சொல்லுங்கள். தானாகத் திரும்ப வேண்டும். ஒரு இறால் துண்டைப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். கையை நீட்ட வேண்டும். கடைக்காரர் அலுத்துக்கொண்டால் வேறு கடைக்குப் போங்கள். வாங்கிய பிறகு அதற்கும் வாரத்தில் இரண்டு முறை இடுக்கியால் உணவு கொடுங்கள். தானாகச் சாப்பிட்டுக்கொள்ளும் என்று இந்த உலகத்தில் ஒன்றும் கிடையாது.

இதெல்லாம் எனக்கு அன்றும் தெரியும். தெரிந்தும் அந்த லாரி நகைச்சுவையில் மயங்கிவிட்டேன்.

முதல் மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். “சார், அடுத்த வாரம் பெரிய கல்யாண பார்ட்டி. டேங்க் கொஞ்சம் கலங்கலா தெரியுது. கண்ணாடி மாதிரி இருக்கணும்” என்றார். நான் தீவனத்தைப் பாதியாகக் குறைத்தேன். ஒரு துகள்கூடத் தரையில் மிச்சம் விழக் கூடாது என்று எஸ்தரிடம் சொன்னேன். உணவு அட்டவணையைப் புதிதாக எழுதி ஒட்டினேன். மீன்களுக்கு எதிரே அளவு. ‘கிளீனர்’ என்பதற்கு எதிரே ஒரு கோடு. அந்தக் கோட்டை அளவுகோல் வைத்துப் போட்டேன்.

அடுத்த செவ்வாய் எஸ்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “சார், பச்சையன் பகல்லயே கைய வெளிய நீட்டிகினு கீறான். பசிக்குது போல. ஒரு எறா துண்டு போடட்டா?”

“வேணாம்மா. அது கிளீனர். மிச்சத்த சாப்ட்டுக்கும்.”

“மிச்சமே வுழக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க?”

“பாறை இடுக்குல ஏதாவது கெடைக்கும்.”

அவர் துணியைப் பிழிந்தார். “மிச்சத்தையே தின்னுகினு எம்மா நாளிக்கு சார் ஒருத்தன் சும்மா இருப்பான்?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. திருப்போரூர்ப் பக்கம் நிலம் வைத்திருந்த வீட்டில் பிறந்தவன் நான். பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள் வீட்டில் பிறந்தவர் அவர். மிச்சம் என்ற சொல் எங்கள் இருவர் காதிலும் ஒரே மாதிரி விழாது என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை. அவர் தொட்டியைப் பற்றி ஒரு தகவல் சொன்னார். பத்தொன்பது வருட அனுபவமுள்ள எவனும் காதில் வாங்கியிருக்க வேண்டிய தகவல். சொன்னது தொட்டி துடைப்பவர் என்பதால் நான் வாங்கவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து வால் கிழிந்த டாம்சல் காணாமல் போனது. பதிவேட்டில் எஸ்தர் ‘16’ என்று எழுதி, பக்கத்தில் ‘வால் கிழிஞ்சது இல்ல’ என்று குறித்திருந்தார். பிறகு பதினைந்து. பிறகு பதினான்கு. நான் பம்ப்பைக் கழற்றிப் பார்த்தேன், ஃபில்டரைப் பார்த்தேன், தொட்டிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தேன். செத்த மீனும் இல்லை, முள்ளும் இல்லை. நோட்டில் ‘காரணம் தெரியவில்லை’ என்று எழுதினேன். அடுத்த செவ்வாய்க்கிழமையும் அதையே எழுதினேன். இரண்டாவது முறை அதை எழுதும்போது கையெழுத்துகூட மாறவில்லை.

மூன்றாவது செவ்வாய் காலை பத்தரைக்கு ரிசார்ட் வாசலில் வாட்ச்மேன் தணிகை என்னை நிறுத்தினார்.

“சார், நம்ம எஸ்தரக்காவ நேத்து அனுப்பிட்டாங்க.”

“ஏன்?”

“மீன திருடி வெளிய விக்குதாம். கேட்டாண்ட பைய கொட்டச் சொன்னாரு மேனேஜரு. எல்லாரும் பாத்துகினு கீறாங்க. டிபன் பாக்ஸ தொறந்து மோந்து பாக்குறாரு சார் அந்தாளு. பைய நான்தான் புட்ச்சிகினு நின்னேன்.”

“என்ன இருந்துச்சு?”

“புளி சோறு இருந்துச்சு” என்றார் தணிகை.

மேனேஜர் தெளிவாக இருந்தார். “பதினேழு பன்னெண்டாயிடுச்சு சார். செத்தா பாடி இருக்கணும்ல? டேங்க் மூடியோட சாவி அவங்ககிட்டதான் இருக்கு. வேற யாரு? விசாரணை முடியுற வரைக்கும் வீட்ல இருக்கட்டும்.”

திருடுகிறவர் தான் திருடியதைத் தினமும் காலை எட்டு மணிக்கு உட்கார்ந்து எழுதி வைப்பாரா என்று நான் கேட்டிருக்க வேண்டும். பதிவேடு என் கையில்தான் இருந்தது. கேட்கவில்லை.

தொட்டிக்கு முன்னால் போய் நின்றேன். பெரிய பாறையின் நிழலில் பச்சை நட்சத்திரம் இருந்தது. ஐந்து கைகளின் நுனியையும் மணலில் ஊன்றி, நடு உடம்பை மேலே தூக்கி வைத்திருந்தது. அடியில் சின்னதாக ஓர் அறை. அதன் வாசலில் ஒரு டாம்சல் போவதும் வருவதுமாக இருந்தது. எப்போதோ படித்தது அப்போது எனக்கு நினைவுக்கு வந்தது. சிறு மீனுக்கு இடுக்கு என்றால் பாதுகாப்பு. வெளிச்சம் போனதும் அந்த அறைக்குள் போய் ஒண்டும். ஐந்து கைகளும் முறுக்கிக்கொண்டு கீழே இறங்கும். அறைக்கு வாசல் இருக்காது. முள்கூட மிஞ்சாது.

மணி பத்து நாற்பது. நோட்டில் எழுதினேன்.

உடனே வலையை எடுத்துக் கையை விட்டேன். நட்சத்திரத்தைப் பிடித்து வாளியில் போட்டு எடுத்துப் போய்விடலாம், மீன் குறைவது நின்றுவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது என்பதுதான் என் முதல் எண்ணம். அந்த ரிசார்ட்காரர்களுக்கு இன்னும் ஐந்து இடத்தில் தொட்டி இருந்தது. ஐந்தும் என் கையில் இருந்தன. முழங்கை வரை தண்ணீருக்குள் இருக்கும்போதுதான் அடுத்தது உறைத்தது. எஸ்தர் வேலைக்கு வராத நாட்களில் மீன் குறையாவிட்டால், அதுவே அவர் திருடினார் என்பதற்குச் சாட்சியாகிவிடும். நான் நட்சத்திரத்தை எடுத்த அந்த நிமிடம் அவர் பெயர் நிரந்தரமாகத் திருடி என்று எழுதப்பட்டிருக்கும். வலையை வெளியே எடுத்தேன். பத்தொன்பது வருடத்தில் நான் உருப்படியாகச் செய்த சில காரியங்களில் அது ஒன்று.

அத்தோடு நிறுத்திக்கொண்டதுதான் கேவலம். நேராக மேனேஜர் அறைக்குப் போய், ‘நான் வாங்கிவிட்ட பிராணிதான் மீனைத் தின்கிறது’ என்று சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம்கூடக் கிடையாது. நான் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

புதன்கிழமை மேனேஜர் போன் செய்தார். குரலில் அவ்வளவு குஷி. “பாத்தீங்களா சார்? அவங்க போனதும் மீன் கொறையறது நின்னுடுச்சு. திங்கக்கெழம பன்னெண்டு, இன்னிக்கும் பன்னெண்டு.”

“மீனுக்கு யாரு சாப்பாடு போடுறா?”

“ரிசப்ஷன்ல பையன் போடுறான். தாராளமாதான் போடுறான்.”

எனக்குப் புரிந்துவிட்டது. தாராளமாகப் போட்டதால் மிச்சம் நிறைய விழுந்தது. மிச்சம் விழுந்ததால் பச்சையனுக்கு வயிறு நிறைந்தது. நான் குறைத்ததால் தின்றது. அவன் கொட்டியதால் தின்னவில்லை. இரண்டுக்கும் நடுவில் எஸ்தர் திருடியாகிவிட்டார். போனில் நான் அதைச் சொல்லவில்லை. “சனிக்கிழமை வரைக்கும் ஒண்ணும் போட வேணாம்னு சொல்லுங்க. நான் வந்து ஒண்ணு காட்டுறேன்” என்று மட்டும் சொன்னேன்.

ஏன் சனிக்கிழமை? நட்சத்திரத்துக்கு நன்றாகப் பசிக்க வேண்டும். எல்லோர் கண்ணெதிரேயும் அது மீனைப் பிடிக்க வேண்டும். ஆதாரம் இல்லாமல் பேசினால் நம்ப மாட்டார்கள், என்னை முட்டாள் என்பார்கள். இப்படி ஒழுங்காக, வரிசையாக யோசித்தேன். ஒழுங்கு என்பது கோழைக்கு எவ்வளவு வசதியான இடம் என்று அந்த மூன்று நாளில் தெரிந்துகொண்டேன். வெள்ளிக்கிழமை பட்டியல் போகிறது என்பது எனக்கு மறக்கவில்லை. விட்டுப்போனால் அடுத்த மாதம் சேர்த்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை எஸ்தருக்குப் போன் செய்து மறுநாள் காலை வரச் சொன்னேன்.

“எதுக்கு சார்? இன்னொரு வாட்டி பைய கொட்டறதுக்கா?”

“மீன யாரு தின்னதுன்னு காட்டுறேன். வாங்கம்மா.”

“பச்சையனா?” என்றார்.

நான் ஆமாம் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குத் தொட்டியை நாலு பக்கமும் கறுப்புத் துணியால் மூடினேன். பார்ப்பதற்கு ஓர் ஓரத்தில் மட்டும் இடைவெளி விட்டேன். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாளைக் கட்டினேன். சிவப்பு வெளிச்சம் அந்தப் பிராணிக்குப் பெரிதாகத் தெரியாது. மேனேஜர், தணிகை, எஸ்தர் மூவரும் நின்றார்கள். எஸ்தர் மேனேஜரைப் பார்க்கவே இல்லை.

இரண்டு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மேனேஜர் இரண்டு முறை போனை எடுத்துக்கொண்டு வெளியே போய் வந்தார். “சார், இது என்ன மேஜிக் ஷோவா?” என்றார். தணிகை மெதுவாக, “மேஜிக்னா பொருளு திரும்பி வரும் சார்” என்றார்.

பதினொன்று ஐம்பதுக்கு நட்சத்திரம் பாறையடியில் கைகளை ஊன்றி எழுந்தது. ஒரு டாம்சல் இரண்டு முறை சுற்றிவிட்டு உள்ளே போய் நின்றது. அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க மூன்று நொடிகூட ஆகவில்லை. கைகள் முறுக்கிக்கொண்டன. உடம்பு கீழே இறங்கியது. ஒரு நீல வால் வெளியே துடித்தது. பிறகு அதுவும் இல்லை.

மேனேஜர் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தார்.

எஸ்தர்தான் முதலில் பேசினார். என்னிடம்தான் பேசினார். “அது சண்டைக்காரி சார். இத காட்டறதுக்கு அது ஒண்ணு சாவணுமா? நான் சொன்னப்பவே ஒரு எறா துண்டு போட்டிருந்தா ஆறும் இருந்திருக்கும்.”

“இத வாங்கிட்டு வந்தது நான்தான். சாப்பாட்ட கொறைச்சதும் நான்தான். எஸ்தர் மேல ஒரு தப்பும் இல்ல” என்று மேனேஜரிடம் சொன்னேன். எந்த ஆதாரமும் இல்லாமலே சொல்லக்கூடிய மூன்று வாக்கியங்கள். செவ்வாய்க்கிழமையும் இதே மூன்று வாக்கியங்கள்தான்.

மேனேஜர் தொண்டையைச் செருமினார். “ஓகே. மிஸ்டேக் ஆயிடுச்சு. திங்கக்கெழம வந்துடுங்க எஸ்தர்.”

“லிஸ்ட்டு?” என்றார் எஸ்தர்.

“அது நேத்து போயிடுச்சும்மா. உங்க மேல விசாரணை இருந்துச்சுல்ல, பேர எடுத்துட்டுதான் அனுப்பினோம். அடுத்த தடவ பாக்கலாம்.”

“அடுத்த தடவ எப்ப சார்?”

“ஹெட் ஆபீஸ்தான் சொல்லணும்.”

அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லி அங்கேயே வாதாடினேன். பட்டியல் மூடியாகிவிட்டது என்றார். நடந்ததை எல்லாம் நாள்வாரியாக எழுதித் தலைமை அலுவலகத்துக்கு இரண்டு கடிதம் அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆறு தொட்டிகளையும் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். அது நியாயம். எஸ்தர் திங்கட்கிழமை வேலைக்குப் போனார். வேறு வழி என்ன இருந்தது? தொட்டிப் பக்கம் போக மாட்டேன் என்று சொல்லித் துணி துவைக்கும் பிரிவுக்கு மாறிவிட்டார். நான் கடைசியாகக் கேட்டபோதும் தினக்கூலிதான்.

நட்சத்திரத்தை மூடி போட்ட வாளியில் எடுத்துக்கொண்டேன். வீட்டில் தனித் தொட்டியில் வைத்து வாரம் மூன்று முறை இறால் போட்டேன். நாலு வருடம் இருந்தது. அதன் மேல் எனக்குக் கோபமே இல்லை. பசித்தது, தின்றது. கோபமெல்லாம் அதைக் கிளீனர் என்று விற்றவர் மேல், சோற்று டப்பாவை மோந்து பார்த்தவர் மேல், உணவுக் கட்டத்தில் கோடு போட்டவன் மேல். இப்போது உங்கள் மேலும்.

அந்தச் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் நானும் எஸ்தரும் சாலையோர நிறுத்தத்தில் செங்கல்பட்டுப் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தோம். வாளி என் காலடியில் இருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. எஸ்தர் என் பக்கம் திரும்பினார்.

“சார், ஒண்ணு கேக்கட்டா? பச்சையன்தான்னு உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?”

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது. “செவ்வாய்க்கிழமை. காலைல பத்து நாப்பதுக்கு.”

“செவ்வா” என்று சொல்லிவிட்டு விரலை மடக்கினார். “பொதன். வியாழன். வெள்ளி.” மடக்கிய விரல்களைப் பார்த்தார். “லிஸ்ட்டு வெள்ளிக்கெழம சாய்ங்காலந்தான் சார் போச்சு.”

“ஆதாரம் இல்லாம சொன்னா அவங்க நம்ப மாட்டாங்கன்னுதான்மா...”

“என்னைய திருடின்னு சொன்னப்ப எவன் சார் ஆதாரம் கேட்டான்?”

பேருந்து வந்து நின்றது. அவர் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். எனக்கும் அதே பேருந்துதான். நான் ஏறவில்லை.